மத்திய அரசா, ஒன்றிய அரசா, இந்திய அரசா?

போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர்கள், மொழிபெயர்ப்பு வேலை எடுத்துச் செய்கிறவர்கள், உள்ளூர்ச் செய்தி எழுதுகிறவர்கள் என்று மூன்று தரப்பிலிருந்தும் ஒரே கேள்வி வந்துகொண்டே இருக்கிறது. 'மத்திய அரசு' என்று எழுதினால் ஒருவர் திருத்துகிறார். 'ஒன்றிய அரசு' என்று எழுதினால் இன்னொருவர் முறைக்கிறார். எதைத்தான் எழுதுவது?

2021 மே மாதம் திமுக ஆட்சிக்கு வந்ததும் தமிழ்நாட்டு அரசின் அறிக்கைகளில் 'ஒன்றிய' ஏறியது. ஜூன் மாதம் சட்டமன்றத்திலேயே கேள்வி எழுந்தது; அரசமைப்புச் சட்டத்தின் முதல் பிரிவைக் காட்டி முதல்வர் மு.க. ஸ்டாலின் பதில் சொன்னார். விவகாரம் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை வரை போய், மனு தள்ளுபடியானது. அதிலிருந்து இந்த அடைமொழியைப் பார்த்தே எழுதியவர் எந்தக் கட்சி என்று கணிக்கும் வழக்கம் வந்துவிட்டது.

சட்டப் புத்தகத்தைத் திறந்தால் மூன்று சொல்லுக்கும் அங்கே இடம் இருக்கிறது. ஆனால் மூன்றும் ஒன்றையே குறிப்பதில்லை. நாடு எப்படி அமைந்திருக்கிறது என்பது ஒரு சங்கதி, அதை நடத்தும் அரசாங்கம் இன்னொன்று, அதிகாரம் எந்தப் படியில் இருக்கிறது என்பது மற்றொன்று. இந்த மூன்றையும் ஒரே சொல்லில் அடைக்கப் பார்ப்பதால்தான் பாதி வம்பு.

## எதை வைத்து எடைபோடுவது

நான் நான்கு கேள்விகள் வைத்துக்கொள்கிறேன். மூல ஆவணத்தில் எந்தச் சொல் இருக்கிறது? மாநிலத்துக்கும் டெல்லிக்கும் உள்ள உறவைப் பற்றி அந்த அடைமொழி சொல்லாமல் சொல்வது என்ன? படிக்கிறவருக்கு வேறு எதையாவது நினைவுபடுத்திக் குழப்புமா? எழுதுகிறவர்மேல் என்ன முத்திரை விழும்? கடைசிக் கேள்வியைத்தான் பலரும் முதலில் கேட்கிறார்கள். அதைக் கடைசியிலேயே விட்டுவைப்பது நல்லது.

## 'ஒன்றிய'

மூலம் என்று பார்த்தால் இதற்குத்தான் பலம் அதிகம். இந்தியா, அதாவது பாரதம், மாநிலங்களின் ஒன்றியமாக இருக்கும் என்பதுதான் முதல் பிரிவு. அதிகாரங்களைப் பிரித்துக் காட்டும் ஏழாம் அட்டவணையின் முதல் பட்டியலுக்கு யூனியன் லிஸ்ட் என்றே பெயர். பட்ஜெட், அமைச்சரவை, அமைச்சர் எல்லாவற்றுக்கும் ஆங்கிலத்தில் முன்னால் நிற்பது யூனியன்தான். யூபிஎஸ்சியின் முதல் எழுத்தும் அதுவே. அதைத் தமிழில் 'மத்திய அரசுப் பணியாளர் தேர்வாணையம்' என்று எத்தனையோ ஆண்டுகளாக எழுதி வந்தோம். இந்திக்காரர்கள்கூட அந்த ஆணையத்தின் பெயரில் 'கேந்திர' போடவில்லை, யூனியனுக்கு நேரான 'சங்க்' என்ற சொல்லைத்தான் வைத்திருக்கிறார்கள்.

ஆனால் இதை வைத்து நடந்த சண்டையில் இரண்டு தரப்பும் சொல்லைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டிருப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது. 'ஒன்றிய' என்றால் மாநிலங்கள் சேர்ந்து உருவாக்கியது, ஆகவே மாநிலத்துக்கு மதிப்புக் கூடுகிறது என்று ஒரு தரப்பு மகிழ்ந்தது. இதில் பிரிவினை வாடை அடிக்கிறது என்று மறுதரப்பு கொதித்தது. சொல்லை உள்ளே கொண்டுவந்தவர்கள் நினைத்தது இந்த இரண்டுமே இல்லை.

1948 நவம்பர் 4 அன்று அரசமைப்பு வரைவை அரசியல் நிர்ணய சபையில் வைத்துப் பேசிய அம்பேத்கர் காரணத்தை வெளிப்படையாகவே சொன்னார். இந்தியா கூட்டாட்சியாக இருக்கப் போகிறது. ஆனால் அது மாநிலங்கள் தங்களுக்குள் ஒப்பந்தம் போட்டுக்கொண்டு உருவாக்கிய கூட்டாட்சி அல்ல. ஒப்பந்தத்தால் வராததால் எந்த மாநிலத்துக்கும் விலகிப் போகும் உரிமை கிடையாது. உடைக்க முடியாதது என்பதால்தான் இது யூனியன். அமெரிக்கர்கள் இதை நிலைநாட்ட உள்நாட்டுப் போரே நடத்த வேண்டியிருந்தது. நமக்கு அந்தச் சந்தேகமே வேண்டாம், தொடக்கத்திலேயே எழுதிவிடுவோம் என்பது அவர் வாதம். ஆக, பிரிவினைக்குக் கதவை அடைக்கத்தான் இந்தச் சொல் வைக்கப்பட்டது. அதைக் கேட்டுப் பிரிவினை என்று பதறுவது வேடிக்கை. அதையே மாநில உரிமைக்கான சொல் என்று கொண்டாடுவதும் கொஞ்சம் வேடிக்கைதான்.

இன்னும் ஒரு திருப்பம் உண்டு. அதே ஆண்டு பிப்ரவரியில் வரைவை அனுப்பிவைத்த கடிதத்தில், பெயரில் பெரிதாக ஒன்றும் இல்லை என்ற தொனியில்தான் அம்பேத்கர் எழுதியிருந்தார். கனடாவுக்காக 1867-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் போட்ட சட்டத்தின் முகப்புரையைப் பின்பற்றியிருக்கிறோம் என்பதே அங்கே சொன்ன விளக்கம். பெரிதாக ஒன்றும் இல்லாத பெயர் ஒன்பதே மாதத்தில் உடைக்க முடியாத பெயராகிவிட்டது.

'ஒன்றிய'வை மாநில உரிமைப் பொருளில் பயன்படுத்துகிறவர்களுக்கு உண்மையான ஆதரவு வேண்டுமென்றால் இன்னும் இரண்டு ஆண்டு பின்னால் போக வேண்டும். 1946 மே மாதத்தில் பிரிட்டிஷ் அமைச்சரவைத் தூதுக்குழு தந்த திட்டத்திலும் யூனியன் என்ற சொல் இருந்தது. வெளியுறவு, பாதுகாப்பு, தகவல் தொடர்பு ஆகிய மூன்று மட்டுமே அந்த யூனியனின் கையில். மற்ற எல்லாமும், எந்தப் பட்டியலிலும் சேராத மிச்ச அதிகாரமும் மாகாணங்களுக்கு. 1946 டிசம்பரில் நேரு கொண்டுவந்த குறிக்கோள் தீர்மானமும் மிச்ச அதிகாரம் யூனியனில் சேரும் பகுதிகளிடமே இருக்கும் என்றது. இந்தியா-பாகிஸ்தான் பிரிவினை உறுதியானதும் கணக்கு மாறியது. வலுவான மையத்தோடு கூடிய கூட்டாட்சிதான் வேண்டும் என்று 1947 ஜூலையில் நேரு தலைமையிலான குழு அறிக்கை கொடுத்தது. சொல் அப்படியே இருந்தது, உள்ளே இருந்த சரக்கு மாறிவிட்டது.

ஒன்றியம் உடையாது, சரி. மாநிலம்? அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1869-இல் டெக்சஸ் வழக்கில், அழிக்க முடியாத மாநிலங்களால் ஆன அழிக்க முடியாத யூனியன் என்று இரண்டுக்கும் ஒரே உத்தரவாதம் கொடுத்தது. இங்கே மூன்றாம் பிரிவின்படி எந்த மாநிலத்தையும் வெட்டலாம், ஒட்டலாம், பெயரை மாற்றலாம். நாடாளுமன்றத்தில் ஒரு சாதாரணச் சட்டம் போதும். சம்பந்தப்பட்ட சட்டமன்றத்தைக் கருத்துக் கேட்டால் போதும், சம்மதம் தேவையில்லை. 2014-இல் ஆந்திர சட்டமன்றம் பிரிவினை மசோதாவை நிராகரித்தது. அதே ஆண்டு ஜூன் 2-ஆம் தேதி தெலங்கானா பிறந்தது. 2019-இல் ஜம்மு காஷ்மீர் மாநில அந்தஸ்தையே இழந்தது. 'ஒன்றிய' என்று எழுதுவதால் இதில் எதுவும் மாறிவிடாது.

அப்படியானால் எழுத வேண்டாமா? எழுதலாம். அதிகாரப் பகிர்வு, நிதிப் பங்கீடு, ஆளுநர், நீட் போன்றவற்றைப் பற்றிய கட்டுரைகளில் எனக்கு இதுதான் முதல் தேர்வு. நாட்டின் அமைப்பைப் பேசும் இடத்தில் அமைப்பின் பெயரால் கூப்பிடுவது பொருத்தம். மாநிலத்தைக் கிளை அலுவலகமாகவும் டெல்லியைத் தலைமை அலுவலகமாகவும் இந்தச் சொல் காட்டுவதில்லை. அந்த ஒரு நன்மையே போதும்.

தொல்லை வேறு இடத்தில் இருக்கிறது. தமிழ்நாட்டில் 388 ஊராட்சி ஒன்றியங்கள் இருக்கின்றன. 1958-ஆம் ஆண்டின் பஞ்சாயத்துச் சட்டத்தோடு வந்த பெயர். கிராமத்துக்காரர் வாயில் 'ஒன்றியம்' என்றால் பிடிஓ ஆபீஸ், அதாவது வட்டார வளர்ச்சி அலுவலகம்தான். ஒன்றியக் கவுன்சிலர், ஒன்றியச் செயலாளர், ஒன்றியக் குழுத் தலைவர் எல்லாரும் அந்த வட்டாரத்து ஆட்கள். 'ஒன்றிய அலுவலகம் முற்றுகை' என்ற தலைப்பைப் பாருங்கள். பிடிஓ ஆபீஸ் வாசலிலா, சென்னையில் டெல்லி அரசின் அலுவலகங்கள் இருக்கும் சாஸ்திரி பவன் வாசலிலா? 'ஒன்றிய நிதியில் கட்டிய மேல்நிலைத் தொட்டி' என்றால் பணம் யார் கொடுத்தது? நூறு நாள் வேலை பற்றிய செய்தியில் இரண்டு ஒன்றியமும் ஒரே பத்தியில் வந்து நிற்கும். மாவட்டச் செய்தி எழுதுகிறவர் இதைக் கவனிக்காமல் விட்டால் அரசியல் சரியாக இருக்கும், செய்தி தப்பாகிவிடும்.

## 'மத்திய'

இந்தச் சொல்லுக்கு அரசமைப்பில் இடமே இல்லை என்று அடித்துச் சொல்கிறார்கள். ஒரு காலத்தில் அது ஏறக்குறைய சரி. இப்போது இல்லை. 342ஏ பிரிவைப் பாருங்கள். பிற்படுத்தப்பட்ட வகுப்பினருக்கான 'சென்ட்ரல் லிஸ்ட்' அங்கே வருகிறது. அது சென்ட்ரல் கவர்ன்மென்ட் தனக்காகத் தயாரித்துப் பராமரிக்கும் பட்டியல் என்று விளக்கமும் இருக்கிறது. அந்த விளக்கம் நுழைந்தது 105-ஆம் திருத்தத்தில், 2021 ஆகஸ்டில். தமிழ்நாட்டில் 'அரசமைப்பில் மத்திய என்ற சொல்லே கிடையாது' என்று விவாதம் சூடாக இருந்த அதே நேரத்தில் டெல்லியில் அதை உள்ளே எழுதிக்கொண்டிருந்தார்கள். மேடையில் பேசுகிறவர்கள் இதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

சாதாரணச் சட்டங்களுக்கு வந்தால் 'மத்திய'வின் ராஜ்ஜியம்தான். 1897-ஆம் ஆண்டின் ஜெனரல் கிளாசஸ் சட்டத்தில் சென்ட்ரல் கவர்ன்மென்ட் என்பதற்கு வரையறையே இருக்கிறது: அரசமைப்பு நடைமுறைக்கு வந்த பிறகு அது குடியரசுத் தலைவரைக் குறிக்கும். 1980-ஆம் ஆண்டின் வனப் பாதுகாப்புச் சட்டப்படி காட்டு நிலத்தை வேறு பயனுக்கு மாற்ற முன்அனுமதி தர வேண்டியது சென்ட்ரல் கவர்ன்மென்ட். தகவல் உரிமைச் சட்டத்தில் மேல்முறையீட்டுக்குப் போகும் ஆணையத்தின் பெயரும் சென்ட்ரல்தான். சட்டத்தை அப்படியே தமிழாக்குகிறவர் இங்கெல்லாம் 'ஒன்றிய' என்று போட்டால் அது மொழிபெயர்ப்பு அல்ல, திருத்தம்.

உறவைப் பற்றி என்ன சொல்கிறது? மையம் என்றால் சுற்றளவும் உண்டு. வட்டத்தின் நடுவில் டெல்லி, விளிம்பில் நாம். இந்தப் பார்வை வெள்ளையர் காலத்தது. 1919-ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்தில் துறைகளை 'சென்ட்ரல்', 'புரொவின்ஷியல்' என்று பிரித்தார்கள்; அதிகாரம் மேலிருந்து கீழே இறங்கிவந்த காலத்துச் சொல். அந்தக் குற்றச்சாட்டு நியாயமானதுதான்.

ஆனால் மாநில சுயாட்சி பேசிய இயக்கமே இந்தச் சொல்லோடு அரை நூற்றாண்டு வாழ்ந்தது. 1970-இல் திருச்சி மாநாட்டில் கருணாநிதி தந்த ஐந்து முழக்கங்களில் ஐந்தாவது, 'மாநிலத்தில் சுயாட்சி, மத்தியில் கூட்டாட்சி'. மத்திய-மாநில உறவை ஆராய்ந்த ராஜமன்னார் குழு 1971-இல் அறிக்கை தந்ததும், 1974 ஏப்ரலில் சட்டமன்றம் சுயாட்சித் தீர்மானம் போட்டதும் 'மத்திய' என்று எல்லாரும் எழுதிக்கொண்டிருந்த காலத்தில்தான். ஆகவே 'மத்திய அரசு' என்று எழுதியவர் மாநில உரிமைக்கு எதிரி என்று முத்திரை குத்துவது சரித்திரத்துக்குப் பொருந்தாது.

குழப்பம் இதிலும் உண்டு. மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கி டெல்லிக்குச் சொந்தமில்லை, புழல் மத்தியச் சிறையும் அப்படித்தான். ஆனால் 'மத்திய அரசு' என்று அரசோடு சேர்த்துச் சொல்லிவிட்டால் தமிழ் வாசகர் யாரும் தடுமாறுவதில்லை.

## 'இந்திய'

இந்த மூன்றில் குறைவாகப் பேசப்படுவது இது. 77-ஆம் பிரிவின்படி நிர்வாகத்தின் பெயர் கவர்ன்மென்ட் ஆஃப் இந்தியா. அரசாணையின் தலைப்பிலும் அரசு வண்டியின் கண்ணாடியிலும் இருப்பது அதுதான். வெளிநாட்டோடு பேசும்போது இதைத் தவிர வேறு எதுவும் சரிப்படாது. 1987-இல் கொழும்பில் ஒப்பந்தம் போட்டது 'ஒன்றிய அரசு' என்று எழுதினால் இலங்கை வாசகர் எந்த ஒன்றியம் என்று யோசிப்பார். அவருக்கு ஒன்றியம் என்றால் ஐரோப்பிய ஒன்றியம், இல்லாவிட்டால் பல்கலைக்கழக மாணவர் ஒன்றியம். இலங்கையில் மாகாண சபைகளுக்கு மேலே இருக்கும் அரசை 'மத்திய அரசு' என்றே அவர்கள் எழுதுகிறார்கள். 1978-ஆம் ஆண்டு அரசமைப்பின் இரண்டாம் உறுப்புரை நாட்டை ஒற்றையாட்சி என்று சொல்வதால் அங்கே அந்தச் சொல் பொருத்தமாகவே உட்காருகிறது.

நீதிமன்ற ஆவணம் தனி. 300-ஆம் பிரிவின்படி அரசாங்கம் வழக்காடுவது யூனியன் ஆஃப் இந்தியா என்ற பெயரில். மனுவைத் தமிழாக்கும்போது எதிர்மனுதாரர் 'இந்திய ஒன்றியம்'. 'இந்திய ஒன்றிய அரசு' என்று நீட்ட வேண்டியதில்லை.

தொல்லை என்னவென்றால், தமிழ்நாட்டுக்குள்ளான விவாதத்தில் 'இந்திய அரசு' கொஞ்சம் தள்ளி நின்று பேசுவதுபோல் ஒலிக்கும். தமிழ்த் தேசியம் பேசுகிறவர்கள் இதை அழுத்திச் சொல்வதால், நீங்கள் நினைக்காத முத்திரை விழலாம். அதோடு 'அரசு' என்பது நாட்டையும் குறிக்கும், ஆட்சியில் இருப்பவர்களையும் குறிக்கும். தேவைப்படும் இடத்தில் 'அரசாங்கம்' என்று பிரித்துக் காட்டலாம்.

## மற்றவை, சுருக்கமாக

'நடுவண் அரசு' நல்ல தமிழ். ஆனால் பொருளில் 'மத்திய'வேதான். வட்டமும் விளிம்பும் அப்படியே இருக்கின்றன. தனித்தமிழ் நடையில் எழுதுகிறவர் எடுக்கலாம், அரசியல் காரணத்துக்காக எடுப்பதில் பயனில்லை. 'டெல்லி' என்று மட்டும் எழுதுவது தலைப்புக்கு வசதி, ஆனால் டெல்லிக்கும் ஒரு முதல்வர் இருக்கிறார். 'மோடி அரசு', 'பாஜக அரசு' என்பவை ஒரு குறிப்பிட்ட முடிவுக்கு யார் பொறுப்பு என்று சொல்லும்போது நேர்மையானவை. நிரந்தர அதிகாரத்தைப் பேசும்போது பிழை.

'கூட்டாட்சி அரசு' என்பதை அமெரிக்கா, ஜெர்மனி பற்றி எழுதும்போது வைத்துக்கொள்ளலாம். இந்திய அரசமைப்பு தன்னை அப்படி அழைத்துக்கொள்வதில்லை. 1948 நவம்பர் 15 அன்று அரசியல் நிர்ணய சபை உறுப்பினர் கே.டி. ஷா முதல் பிரிவில் மதச்சார்பற்ற, கூட்டாட்சி, சோசலிச என்று மூன்று அடைமொழிகளைச் சேர்க்கத் திருத்தம் கொண்டுவந்தார். சபை ஏற்கவில்லை. 1976-இல் 42-ஆம் திருத்தம் முகப்புரையில் முதலாவதையும் மூன்றாவதையும் சேர்த்தது. நடுவில் இருந்தது இன்னும் வெளியேதான் நிற்கிறது. அதே திருத்தம்தான் கல்வியையும் காடுகளையும் மாநிலப் பட்டியலிலிருந்து பொதுப் பட்டியலுக்குக் கொண்டுபோனது.

| அடைமொழி | மூலத்தில் எங்கே | சொல்லாமல் சொல்வது | வரக்கூடிய தொல்லை | பொருந்தும் இடம் |
|---|---|---|---|---|
| ஒன்றிய | பிரிவு 1, ஏழாம் அட்டவணை, பட்ஜெட், யூபிஎஸ்சி | மாநிலங்களால் ஆன, உடையாத நாடு | ஊராட்சி ஒன்றியத்தோடு குழப்பம், கட்சி முத்திரை | அதிகாரப் பகிர்வு, மாநில உரிமை, அரசமைப்புக் கட்டுரை |
| மத்திய | 342ஏ, ஜெனரல் கிளாசஸ் சட்டம், பெரும்பாலான சட்டங்கள் | நடுவே டெல்லி, சுற்றிலும் மாநிலங்கள் | பழைய பார்வை என்ற விமர்சனம் | சட்டத் தமிழாக்கம், உள்ளூர்ச் செய்தி, இலங்கை |
| இந்திய | பிரிவு 77. வழக்கில் 'இந்திய ஒன்றியம்' (300) | வெளி உலகத்துக்குத் தெரியும் அரசு | உள்நாட்டு விவாதத்தில் விலகி ஒலிக்கும் | வெளியுறவு, நீதிமன்றம், வெளிநாட்டுத் தமிழ் வாசகர் |
| நடுவண் | எதிலும் இல்லை | 'மத்திய'வேதான் | சிலருக்குப் பழக்கமில்லை | தனித்தமிழ் நடை |

## யார் எதை எடுப்பது

தேர்வு எழுதுகிறவர் கேள்வித்தாளில் இருக்கும் சொல்லையே விடையிலும் எழுதட்டும். அங்கே கொள்கையைக் காட்ட மதிப்பெண் இல்லை. மொழிபெயர்ப்பாளர் மூலத்தில் யூனியன் என்றால் ஒன்றியம், சென்ட்ரல் என்றால் மத்திய, கவர்ன்மென்ட் ஆஃப் இந்தியா என்றால் இந்திய அரசு என்று பிடித்துக்கொண்டால் யாரும் குறை சொல்ல முடியாது. கட்டுரையாளருக்குச் சுதந்திரம் அதிகம், ஆனால் ஒரே கட்டுரைக்குள் மாற்றி மாற்றி எழுதினால் வாசகர் அதில் ஏதோ உள்நோக்கம் தேடுவார். மாவட்ட நிருபர் முதல் முறை 'மத்திய அரசு' அல்லது 'இந்திய ஒன்றிய அரசு' என்று முழுதாக எழுதிவிட்டு, பிடிஓ ஆபீஸ் வரும் இடத்தில் 'ஊராட்சி ஒன்றியம்' என்று ஊராட்சியை விடாமல் எழுதினால் போதும்.

பெயர்களை மாத்திரம் தொட வேண்டாம். மத்திய ரிசர்வ் போலீஸ் படை, மத்தியப் புலனாய்வுத் துறை என்பவை பதிந்த பெயர்கள். அவற்றின் மூலத்திலும் சென்ட்ரல்தான். கடை பில்லில் வரும் சிஜிஎஸ்டியின் முதல் எழுத்தும் அதுவே. அதை 'ஒன்றிய ஜிஎஸ்டி' என்று மாற்றினால், யூனியன் பிரதேசங்களுக்கென்று தனியாக இருக்கும் யூடிஜிஎஸ்டியோடு போய் முட்டும். அந்தமானில் கடை வைத்திருப்பவருக்கு இரண்டுமே பில்லில் வரும்.

எதை எடுத்தாலும் சந்தியைக் கவனியுங்கள், குறிப்பாக 'ஒன்றிய'வில். 'ஒன்றியம்' என்ற பெயர் மகரம் கெட்டு நின்றால் பின்னால் ஒற்று மிகும்: ஒன்றியப் பட்டியல், ஒன்றியக் கல்வி அமைச்சகம், ஒன்றியச் செயலாளர். ஒற்றை விட்டு 'ஒன்றிய பட்டியல்' என்று எழுதினால் அது பெயரெச்சம், 'மனம் ஒன்றிய தம்பதி' என்பதில் வருகிற அதே 'ஒன்றிய'. ஒன்றாகக் கலந்துபோன பட்டியல் என்று பொருள் வரும். 'ஒன்றிய அரசு', 'ஒன்றிய அமைச்சர்' என்று உயிரெழுத்து வரும் இடங்களில் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. க, ச, த, ப வரும் இடங்களில்தான் பிழை வெளியே தெரியும்.